சந்தோஷத்துக்கு அஞ்சு மார்க்

1

காலை ஆறரை மணிக்கு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது செல்போன் முனகியது. மார்ச் மாதம். உங்கள் பக்கம் வெயில் ஏற ஆரம்பித்திருக்கும். இங்கே குளிர், வந்த காரியம் இன்னும் முடியவில்லை என்று உட்கார்ந்திருக்கிறது.

அனுப்பியவன் குமரேசன், என் மனைவி சுமதியின் தம்பி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஜெராக்ஸ் பேருக்குத்தான். மனு எழுதுவதும் படிவம் நிரப்புவதும்தான் நிஜத் தொழில். திருவண்ணாமலை மாவட்டத்தில் பாதிப் பேருடைய கஷ்டம் அவன் கையெழுத்தில்தான் அரசாங்கத்துக்குப் போயிருக்கிறது.

"மாமா, பேப்பர்ல போட்டிருக்கான். உலகத்துலயே சந்தோஷமான நாடு திரும்பவும் உங்க பின்லாந்துதானாம். நீங்க போயி பன்னெண்டு வருசமாச்சு. அப்பவும் ராங்க் கீழ எறங்கலயே. இன்னாதான் பண்றீங்க அங்க?"

"என்னால ஆனதைப் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று பதில் போட்டேன்.

"பாப்பா எப்படி இருக்கா?"

பாப்பா என்பது எங்கள் ஒரே மகள் பவித்ரா. வயது பத்தொன்பது. போன ஆகஸ்டில் நாட்டின் வடகோடியில் இருக்கும் ஊருக்கு வாத்தியார் படிப்புக்குப் போனாள். ரயிலில் பத்து மணி நேரம்.

"நல்லா இருக்கேன்னு சொல்றா" என்று எழுதினேன்.

உடனே போனே வந்துவிட்டது.

"இன்னா மாமா சொல்றீங்க. எவ்ளோ நாளா இப்படிச் சொல்றா?"

"போன நாள்லேர்ந்து. ஏழு மாசமா."

"ஏழு மாசமும் நல்லா இருக்கேன்னுதானா?"

"வேற ஒரு வார்த்தை வரல."

அவன் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அக்காகிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஒரு பெண் நல்லா இருக்கேன் என்று சொன்னதற்கு இரண்டு ஆண்கள் இரண்டு நாட்டில் ஏன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும் என்று உங்களில் யாரும் கேட்கமாட்டீர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் அம்மாவை வாரம் ஒரு முறை கூப்பிடுவேன். "எப்படிம்மா இருக்கே?" "ஏதோ இருக்கேன்பா" என்றால் நான் நிம்மதியாகத் தூங்கப் போவேன். ஒரு தடவை "எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்" என்றார். மூன்று வாரம் அதையே சொன்னார். நான்காவது வாரம் குமரேசன் சொல்லித்தான் தெரியும், கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டோடு இருக்கிறார் என்று. கட்டுப் பிரித்த அன்றைக்கு மறுபடியும் "ஏதோ இருக்கேன்பா" வந்தது. எங்கள் குடும்பத்துக்கு வேறு எக்ஸ்ரே தேவையில்லை.

2

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நாட்டில் ஊர் முழுக்க மண்ணுக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. அது வீடு வீடாகப் போய்ச் சுவரைச் சூடு பண்ணிவிட்டுத் திரும்பி வரும். அந்தக் குழாய்களுக்கு நான் வைத்தியன். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊரில் பிறந்தவனைக் கூப்பிட்டு, எங்களுக்குச் சூடு பத்தவில்லை, வந்து பார் என்கிறார்கள். வினைப்பயன் இப்படியும் வரும்.

இருக்கும் ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அச்சுக் கோப்பவர் சாபம் விடுவார். ஒரு எழுத்தை ஒரு தடவை எழுதினால் போதாது இவர்களுக்கு.

பெயர் என்றதும் இன்னொரு விஷயம். வந்த புதிதில் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர். அப்பா பேரின் முதலெழுத்துத்தான். விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றையிலிருந்து இந்த நாட்டில் நான் ஏழுமலை. வங்கிக் கடிதம் ஏழுமலைக்கு வரும். வரி ஆபீஸ் ஏழுமலையை விசாரிக்கும். கதவில் ஏழுமலை என்று பலகை தொங்குகிறது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி வேலூர்வரைகூடப் போகப் பிடிக்காமல், வேர்க்கடலை போட்டுக் கடலையாகவே வாழ்ந்து முடித்த மனுஷன், செத்த பிறகு ஐரோப்பாவில் குடியுரிமை வாங்கிவிட்டார்.

போன வருஷத்துக்கு முந்தின நவம்பரில், வேலையிடத்து மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால், அந்த ஏழுமலைக்கு ஒரு படிவம் வந்தது. புகை பிடிப்பாயா, முதுகு வலிக்கிறதா, எத்தனை மணி நேரம் தூங்குகிறாய். எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் போட்டுக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முன் கேள்வி: மொத்தத்தில் உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்.

கை நின்றுவிட்டது.

பத்து போடலாம் என்றால், பத்து போட்டவன் உருப்பட்டதாக எங்கள் பக்கம் சரித்திரம் கிடையாது. ஒன்பது போட்டால் திமிர். எட்டு போட்டால், அந்த வருஷம்தான் வீட்டுக் கடன் கிடைத்து வரிசை வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தோம், அது போதாதா, மேலே மேலே எதற்கு நாலு பேர் கண்ணை உறுத்த வேண்டும். ஏழுமலை இருந்திருந்தால் என்ன போட்டிருப்பார் என்று யோசித்தேன். களத்தில் கடலை மூட்டை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும்போது பக்கத்துக் காட்டுக்காரர் வந்து "என்ன ஏழுமலை, இந்த வருசம் எப்படி?" என்று கேட்டால், மூட்டைக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டு "ஏதோ செலவுக்கு ஆவும்" என்பவர் அவர்.

அஞ்சு போட்டேன். எழுதும்போது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதைச் சத்தியமாகச் சொல்கிறேன். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையின் கன்னத்தில் மை வைக்கிறோமே, அது மாதிரித்தான்.

3

குழந்தைக்கு வைத்த மையைப் பார்த்துவிட்டு, அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஆம்புலன்ஸைக் கூப்பிடும் ஊர் இது என்பது எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மார்க் நாலில் ஆரம்பித்துப் பத்தில் முடிகிறது. நாலு என்றால் ஃபெயில். அஞ்சு என்றால், வாத்தியார் பாவம் பார்த்துத் தள்ளிவிட்டார் என்று அர்த்தம். நானோ முப்பத்தஞ்சுக்குப் பாஸ் பார்த்த ஜாதி. பத்துக்கு அஞ்சு, அதாவது நூற்றுக்கு ஐம்பது, நான் கணக்குப் பாடத்தில் வாங்கியிருந்தால் அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழி அடித்திருப்பார்கள்.

மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் அம்மா போன் பண்ணினார். ஏதாவது பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். அதெல்லாம் ஒன்றுமில்லை, வாழ்க்கையில் எல்லாம் செட்டில் ஆகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். இந்த பாஷையில் பன்னிரண்டு வருஷமாக நான் சொல்ல நினைப்பதற்கும் சொல்லுவதற்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. "என் வாழ்க்கை முடிந்துவிட்டது" என்று வந்தது. அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வர முடியுமா?" என்றார் நர்ஸ் அம்மா.

போனேன். காத்திருக்கும் அறையில் நாலு பேர். கதவு திறந்து மனநல ஆலோசகர் அம்மையார் எட்டிப் பார்த்து "ஏழுமலை" என்றார். எங்கப்பா இறந்து பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருக்குப் பதிலாக எழுந்து உள்ளே போனேன்.

எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு ஜோக் அடிப்பது. கடைசியாக எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள் என்று கேட்டார். "போன வாரம் மெயின் குழாய் வெடித்தது, ஊரே என்னைத் தேடியது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். இன்னொன்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். என் ஜோக்குகளை ஒருவர் இவ்வளவு அக்கறையாகக் குறித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். எங்கள் ஊரில் சந்தோஷத்தை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும், அதனால் குறைத்துப் போட்டேன் என்று.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கேலியே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"யாருடைய கண்?"

எங்கள் ஊரில் இதற்குப் பட்டியலே வாசிப்பேன். எதிர் வீட்டு அண்ணி, பால் ஊற்ற வருகிறவர், ஒன்றாகப் படித்து மூன்று அட்டெம்ப்டில் பாஸ் பண்ணின கோபி, என் அண்ணன் உட்பட. புதுச் சட்டை போட்டுக்கொண்டு தேரடி வீதியில் கடைசிவரை நடப்பதற்குள் விலை, கடை, கொடுத்தது ஜாஸ்தியா கம்மியா எல்லாம் கணக்காகிவிடும்.

இங்கே யாருடைய கண்? பக்கத்து வீட்டுக்காரர் நான் வாசலில் பனி தள்ளி முடிக்கும்வரை சன்னல் திரைக்குப் பின்னால் நின்று, நான் உள்ளே போன பிறகுதான் வெளியே வருவார். பேச வேண்டி வந்துவிடுமே என்று. அவருக்கு என் பெயர் ஏழுமலை. புதுக் கார் வாங்கினபோது ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. சுமதி மட்டும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாள். அந்தப் பழம் ஒரு வாரம் பனியில் அப்படியே கிடந்தது, காக்காகூடத் தொடவில்லை.

அம்மையார் காத்திருந்தார். இந்த ஊர்க்காரர்கள் காத்திருக்கத் தெரிந்தவர்கள். அந்த அமைதியில் எனக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக நான் யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கண் படுவதற்கு ஒரு கண்ணாவது வேண்டுமே.

"கொஞ்சம் களைப்பாக இருக்கிறது" என்றேன். இந்த பாஷையில் நான் பிழையில்லாமல் சொன்ன வாக்கியங்களில் அது ஒன்று.

4

மறுநாள் வேலையிடத்தில் பெக்காவைக் கேட்டேன். பதினோரு வருஷமாக என்னோடு குழாய் பார்க்கிறவன். வருஷத்துக்கு நாற்பது வாக்கியம் பேசுவான்.

"நீ என்ன போட்டே?"

"எட்டு."

"அவ்வளவு சந்தோஷமா?"

யோசித்தான். அவன் முகத்தில் சந்தோஷத்துக்கான அறிகுறி எதையும் நான் பார்த்ததில்லை. "கூரை ஒழுகவில்லை. படகு இருக்கிறது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கவில்லை. எட்டு."

"ஏன் பத்து போடலை?"

"பத்து என்றால் பொய்."

அவ்வளவுதான். அவனைக் கேட்டால் சந்தோஷம் என்பது குழாயில் கசிவில்லை என்பது. எங்களைக் கேட்டால் அது மேளதாளத்தோடு வர வேண்டிய ஒன்று, வந்தாலும் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்த வேண்டிய ஒன்று. இரண்டையும் ஒரே பத்துக்குள் அடைத்து நாடு நாடாக ராங்க் போடுகிறார்கள். போடட்டும். எனக்கு அதில் சண்டையில்லை. என் அஞ்சு வேறு ஒரு இடத்தில் போய் இடித்தது. அதுதான் விஷயம்.

5

எங்கள் வீட்டில் வருகிற கடிதத்தையெல்லாம் சுமதி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிடுவாள். ஆலோசகர் அனுப்பிய அறிக்கையும் அதில் போய் உட்கார்ந்தது. அவளுக்கு இந்த பாஷை மளிகைக் கடை அளவுக்குத்தான். "ஏதோ தேதி போட்டிருக்கு, மறந்துடாதீங்க" என்றாள். ஏழுமலை, வாழ்க்கைத் திருப்தி: 5, மனச்சோர்வு உண்டா என்று கவனிக்க வேண்டும், என்று அதில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியும், படிக்கவில்லை. பவித்ரா பால் எடுக்கப் போய்ப் படித்துவிட்டாள்.

ஏழு வயதில் இங்கே வந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் இந்த ஊர் பாஷையில் பதில் வரும். நான்கைந்து வருஷமாகவே அறைக் கதவு சாத்தித்தான் இருக்கும். அவள் எங்களைக் கவனிக்கிறாள் என்றே நாங்கள் நினைக்கவில்லை.

டிசம்பரில் ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் சுமதி வந்து சொன்னாள். "ஏங்க, அவ வடக்கே போலயாம். வாத்தியார் படிப்புக்கு எழுதிப் போடப் போறதில்லயாம். இந்த ஊர்லயே நர்சிங் இருக்காம், அது போதுங்கறா."

"ஏன், அஞ்சு வயசுலேர்ந்து டீச்சர் டீச்சர்னுதானே சொல்லிக்கிட்டிருந்தா?"

"என்னைக் கேட்டா? போயி அவளைக் கேளுங்க. கதவைத் தட்டிட்டுப் போங்க, இல்லன்னா அதுக்கும் ஒரு வாட்டி கத்துவா."

தட்டிவிட்டுப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் என்றேன். அதிசயமாகத் தமிழில் சொன்னாள்.

"நீ அஞ்சு போட்டிருக்கே. நான் போனா நீ நாலு ஆயிடுவே. நாலு ஃபெயில்ப்பா."

"அது சும்மா போட்டதும்மா."

"இங்க யாரும் சும்மா போட மாட்டாங்க."

அந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மூன்றே வார்த்தை. வாயைத் திறந்தேன், வரவில்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணத்தன்றுகூட "என்னடா மாப்ளே, சந்தோஷமா?" என்று கேட்டவனிடம் "சாப்டியா?" என்றுதான் கேட்டேன்.

"சாப்டியாம்மா?" என்றேன் பவித்ராவிடம்.

"போப்பா" என்றாள்.

6

வேங்கிக்காலில் குமரேசன் புதிதாக வீடு கட்டியிருந்தான். மாடியோடு, டைல்ஸ் போட்டு, நல்ல வீடு. வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பூதத்தின் முகம். "வீடு சூப்பரா இருக்குடா" என்றேன். "என்னமோ தங்கறதுக்கு ஒரு எடம் மாமா" என்றான். அவனைவிட பூதம் நேர்மையாக இருந்தது.

அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையிலடித்துக்கொள்ளவில்லை, தொழில்காரன். "ஃபாரத்துல கம்மியா போட்டது கரெக்டுதான் மாமா. யாரு டேபிளுக்குப் போவுதுன்னு பாக்காம போட்டீங்க பாருங்க, அதான் தப்பு. பாப்பாவை நாளைக்குக் கடைக்கு அனுப்புங்க."

அனுப்பினேன். கூடவே நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். பவித்ரா கம்ப்யூட்டர் முன்னால், குமரேசன் பேனாவோடு. அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுக்குக் காப்பி விற்கிற அம்மா ஒருவர் பட்டா விஷயமாக மனு எழுத வந்தார். ஐம்பது வயது இருக்கும். மனு முடிந்ததும் குமரேசன் ஆரம்பித்தான்.

"அக்கா, இது எங்க அக்கா பொண்ணு. ஃபாரின்லேர்ந்து வந்துருக்கு. ஒரு கேள்வி கேக்கணுமாம். உன் வாழ்க்கைக்குப் பத்துக்கு எவ்ளோ மார்க் போடுவே?"

"எதுக்கு? இன்னா குடுக்கறாங்க?"

"ஒண்ணும் குடுக்கலக்கா. சும்மா."

"குடுக்காததுக்கு எதுக்குய்யா கேக்கறாங்க?" என்றவர், பவித்ராவை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, ரெண்டு போட்டுக்கோம்மா. ரெண்டு போட்டாதான் எரக்கப்பட்டு எதனா குடுப்பான்."

"நிஜமா ரெண்டா?" என்றாள் பவித்ரா.

"நிஜத்தையெல்லாம் ஃபாரத்துல எழுதுவாங்களா கண்ணு?"

குமரேசன் விடவில்லை. "அது கெடக்கட்டும். போன பௌர்ணமிக்கு யாவாரம் எப்படி?"

"ஏதோ ஓடுச்சு."

"ஏதோன்னா?"

"ஏதோன்னா ஏதோதான். நீ இன்னா வருமான வரி ஆபீசரா?" என்று எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். போய்விட்டார்.

குமரேசன் பவித்ரா பக்கம் திரும்பினான். "அன்னிக்கி நானும் மலை சுத்தப் போனேன் பாப்பா. ஒம்போது மணிக்கு நாலு டிரம்மு காலி. எனக்கு ஒரு டம்ளர் குடுக்க காப்பி இல்ல அதுகிட்ட. அதுக்குப் பேருதான் ஏதோ. இந்த ஊர்ல எவன் எந்த நம்பர் சொன்னாலும் மேல ரெண்டு மூணு சேத்துக்க. உங்கப்பன் எவ்ளோ போட்டாரு?"

"அஞ்சு."

"அப்போ?"

அவள் சாயங்காலம்வரை அந்தக் கடையில் உட்கார்ந்து பதினாலு பேரைக் கேட்டாள். ஒருவர்கூட ஆறைத் தாண்டவில்லை. காலையில் மனைவியும் வந்துவிட்டுப் போயிருந்த ஒரு ஆட்டோக்காரர் "எங்க வீட்டம்மா எத்தினி சொன்னாங்க?" என்று கேட்டு, அவர்கள் மூணு சொன்னார்கள் என்றதும் "அப்ப எனக்கு ரெண்டரை" என்றார். பவித்ரா விழுந்து விழுந்து சிரித்ததை நான் பார்த்தேன். வீட்டில் அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

7

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, விடியற்காலையில் அவளும் நானும் மலை சுற்றப் போனோம். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் கூட்டமில்லை. செருப்பில்லாமல் நடந்தோம். பதினாலு கிலோமீட்டர். இந்த மண்ணில் பிறந்தவன் நான்தான். ஆனால் அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால். இத்தனை வருஷம் கம்பளி சாக்ஸுக்குள் இருந்த பாதம், ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னது.

அடி அண்ணாமலை தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மலை இந்தப் பக்கத்திலிருந்து வேறு மலை மாதிரி இருக்கும். டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, நிஜ நம்பர் என்ன? நர்ஸுக்கு வேணாம். எனக்கு."

"இந்த டீக்கு மட்டும் ஒம்போது குடுக்கலாம்."

"ஜோக் வேணாம்ப்பா."

யோசித்தேன். வெறுமனே யோசிக்கிற பாவனை இல்லை, நிஜமாகவே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வீடு. வேலை. ஏழுமலை என்ற பலகை. பேசாமல் ஒளிந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர். ஒவ்வொரு வருஷப் போட்டோவிலும் அண்ணனின் தோள்களுக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வரும் அம்மா. மூன்று மணிக்கு வரும் இருட்டு. எதிரே ஊதி ஊதிக் குடிக்கும் இவள். மொத்தம் என்ன வந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"ஏழு" என்றேன்.

அவள் விரலை மடக்கினாள். எட்டு, ஒன்பது. முகம் தெளிந்தது. "சரி" என்று சொல்லிவிட்டுக் காலி டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள்.

குமரேசன் அவளுக்குப் பாதிக் கணக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். வெளியாளிடம் சொல்லும்போது இரண்டு குறைப்போம் என்பது அந்தப் பாதி. பெற்ற பிள்ளையிடம் சொல்லும்போது இரண்டு ஏற்றுவோம் என்பது மீதி. அதை நான் சொல்லவில்லை. படிவத்தில் மை வைத்ததாக நினைத்துக்கொண்டு நான் எழுதிய அஞ்சு, கடைசியில் பார்த்தால், சரியான விடையாகவே இருந்துவிட்டது. என் படிப்பு வாழ்க்கையில் ஒரு சரியான விடைக்காக என்னை நிபுணரிடம் அனுப்பியது இதுதான் முதல் தடவை.

திரும்பி வந்து அவள் வடக்கு ஊரை முதலில் வைத்து விண்ணப்பம் போட்டாள். கிடைத்தது. ஆகஸ்டில் ரயிலேற்றிவிட்டு வந்தோம். அடுத்த நவம்பரில் வந்த படிவத்தில் நான் எட்டு போட்டேன். பெக்காவைப் பார்த்துக் காப்பி அடித்தது. நர்ஸ் அம்மா போன் பண்ணவில்லை.

8

ஏழு மாசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். நிதானமாக, தமிழில், கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்வாள். குளிரா? நல்லா இருக்கேன்ப்பா. அங்கே டிசம்பரில் சூரியன் எட்டிப் பார்த்து, தப்பான வீடு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடும். இருட்டா இருக்காம்மா? நல்லா இருக்கேன்ப்பா. சிநேகிதிகள்? நல்லா இருக்கேன்ப்பா. சுமதி "பாருங்க, எவ்ளோ பொறுப்பாப் பேசறா" என்று பூரித்துப்போவாள். நான் மாவுக்கட்டைத் தேடிக்கொண்டிருப்பேன்.

இரண்டு தடவை ரயில் டிக்கெட் எடுக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். டீக்கடை பெஞ்சில் அவளிடம் இரண்டு சேர்த்துச் சொன்னவன் நான். அவளும் எனக்கு இரண்டு சேர்த்துச் சொல்கிறாள் என்றால் அவளை எந்த வாயால் கேட்பது.

அன்று காலை குமரேசன் போனை வைத்த பிறகு பனி தள்ளி முடித்தேன். திரைக்குப் பின்னால் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரரை விடுதலை செய்துவிட்டு உள்ளே வந்தேன். ஞாயிறு இல்லை. ஆனாலும் கூப்பிட்டேன். மணி ரொம்ப நேரம் அடித்தது.

எடுத்ததும் ஒரே சத்தம். நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், யாரோ எதையோ கீழே போட்டார்கள், எல்லாரும் சிரித்தார்கள்.

"என்னப்பா, இன்னிக்கு என்ன?" மூச்சு வாங்கியது.

"ஒண்ணுமில்லம்மா. எப்படி இருக்கே?"

"ஏதோ ஓடுதுப்பா."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"அப்பா? நான் அப்புறம் பேசறேன், பஸ் வந்துருச்சு, இவங்க விட்டுட்டுப் போயிடுவாங்க." பின்னால் யாரோ அவள் பெயரைச் சுருக்கி, நீட்டி, பாட்டாகக் கூப்பிட்டார்கள். "வை வை" என்றாள். வைத்துவிட்டாள். ஏழு மாசத்தில் என் போனை அவள் பாதியில் வைத்தது அதுதான் முதல் தடவை.

சுமதி தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள். "என்ன சொல்றா?"

"ஏதோ ஓடுதாம்."

கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். ஏழு மாசமாகப் பூரித்ததெல்லாம் எனக்காகத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு "இன்னொண்ணு போடவா?" என்றாள். நாலு தோசை சாப்பிட்டேன்.

குமரேசனுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "அப்பாடா. இத்தோட விட்டுடுங்க மாமா. வெளிய யார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காதீங்க."

சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது என்று நினைக்கிறேன். தேரடி வீதியில் யாராவது உங்களைப் பிடித்து, பின்லாந்தில் அவர்கள் எப்படி இருக்கிறார்களாம் என்று கேட்டால், ஏதோ இருக்கிறார்களாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.